ஒரிஜினல் ஒழுகல்

கார் நாலு ஸ்டாண்டின் மேல் நிற்கிறது. அதன் அடியில் ஒரு பெரிய மனிதர் மல்லாந்து கிடக்கிறார். ஓய்வுபெற்ற பல் மருத்துவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் தேவையில்லை; அமெரிக்காவில் எந்த மாநிலத்துக் கராஜைத் திறந்தாலும் இவரைப் போல ஒருவர் கிடப்பார். கையில் மஞ்சள் கிரேயான். குழந்தைகள் சுவரில் கிறுக்குவார்களே, அதேதான். தலைக்கு மேலே இருக்கும் இரும்புச் சட்டத்தில் ஓர் எண்ணை எழுதுகிறார். பக்கத்தில் வைத்திருக்கும் பழைய போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். முகம் சுளிக்கிறார். தின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதுகிறார்.

சிக்கல் அந்த எண்ணில் இருக்கும் 7. 1967-ல் செயின்ட் லூயிஸ் நகரத்து ஆலையில் ஒரு தொழிலாளி, அடுத்த வண்டி வந்து நிற்பதற்குள் இழுத்துவிட்ட 7 அது. காற்றில் சாய்ந்த கம்பம் மாதிரி கோணிக்கொண்டு நிற்கிறது. மருத்துவருடைய 7 நாலு கோட்டு நோட்டில் எழுதிய 7. படித்தவர், பாவம், என்ன செய்வார்? காலையிலிருந்து ஆறாவது முறையாக அந்தத் தொழிலாளியின் கிறுக்கலைப் பயின்றுகொண்டிருக்கிறார். அந்தத் தொழிலாளிக்குப் பல்வலி வந்து, கையில் காப்பீடு இல்லாமல் இவருடைய கிளினிக் வாசலில் நின்றிருந்தால் இதில் பாதிக் கவனமாவது கிடைத்திருக்குமா என்று கேட்டால் என்னை வம்புக்காரன் என்பார்கள். கேட்டுவிட்டேன்.

இவ்வளவு பாடும் ஒரு பரீட்சைக்காக. கார் 1967-ஆம் வருடத்துச் செவ்ரோலே கார்வெட் ஸ்டிங் ரே. பரீட்சை வைப்பது 1974-ல் தொடங்கிய நேஷனல் கார்வெட் ரெஸ்டோரர்ஸ் சொசைட்டி என்ற சங்கம். மொத்தம் 4510 மார்க். 94 சதவீதம் வாங்கினால் டாப் ஃப்ளைட். 85 என்றால் செகண்ட். 75 என்றால் தேர்டு. மேலே போக ஆசைப்படுகிறவருக்கு 97 சதவீதம் கேட்கிற விருது ஒன்று இருக்கிறது. பிளஸ் டூ கட்-ஆஃபுக்காகப் பிள்ளையை வறுத்தெடுக்கும் தகப்பன்களை நாம் கேலி செய்கிறோம். அந்தத் தகப்பன்களுக்காவது ஒரு பிள்ளை இருக்கிறது. இங்கே அறுபத்தைந்து வயதில் மனிதர்கள் தமக்குத் தாமே டியூஷன் வைத்துக்கொள்கிறார்கள்.

பரீட்சையின் விதியை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஆலையில் கடைசி போல்ட்டை முடுக்கிய அன்று கார் எப்படி இருந்ததோ அப்படியே இன்றைக்கும் இருக்கவேண்டும். அதைவிடக் கெட்டிருந்தாலும் மார்க் போகும். அதைவிட நன்றாக இருந்தாலும் போகும். இரண்டாவது வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். கூத்து முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

பெயின்ட்டிலிருந்து ஆரம்பிப்போம். செயின்ட் லூயிஸ் ஆலை கார்வெட்டுக்கு அடித்தது அக்ரிலிக் லாக்கர். நாள்பட்டால் வெடிக்கும், மங்கும். இன்றைக்கு அதைவிடப் பளபளப்பான, உறுதியான பூச்சுகளைப் பெயின்ட் கடையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அடித்தால் நடுவர் கண்டுபிடித்துக் கழித்துவிடுவார். ஆகவே லாக்கர்தான். அதுவும் எப்படி? மேற்பரப்பில் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி ஒரு சொரசொரப்பு வேண்டும். கதவின் உள்மடிப்பில் பூச்சு மெலிந்திருக்க வேண்டும். சக்கரக் குழிக்குள் கறுப்பு அடித்தவர் அவசரத்தில் அடித்திருக்கிறார். அதன் ஓரம் பிசிறுபிசிறாக இருக்கவேண்டும், நேர்கோடாக இருந்தால் தொலைந்தீர்கள். நாற்பது வருடம் பட்டி பார்த்து, தேய்த்து, ஒரு சொட்டு ஒழுகாமல் பெயின்ட் அடிக்கப் பழகிய ஒரு கைவேலைக்காரரைக் கூப்பிட்டு, "இந்த இடத்தில் கொஞ்சம் ஒழுக விடு" என்கிறார்கள். அவர் கை கேட்கமாட்டேன் என்கிறது. கூலியைக் கூட்டித் தருகிறார்கள். ஒழுகுகிறது.

எஞ்சின் இன்னும் வேடிக்கை. செவ்ரோலே எஞ்சினை மொத்தமாகப் பூட்டிய பிறகுதான் ஆரஞ்சு நிறம் அடித்தார்கள். மூடி மறைத்து, டேப் ஒட்டி அடிக்க யாருக்கு நேரம்? எனவே புகைபோக்கிப் பக்கத்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேலும் ஆரஞ்சுத் தூறல் விழுந்தது. வண்டியை ஸ்டார்ட் செய்து நாலு தெரு சுற்றினால் சூட்டில் அந்தத் தூறல் பொசுங்கிப் போய்விடும். போகட்டுமே என்கிறீர்களா? நீங்கள் பரீட்சைக்கு லாயக்கில்லாதவர். அந்தத் தூறலை ஸ்ப்ரே கன்னால் மெல்லப் போட்டு, அது பொசுங்கிவிடக்கூடாதே என்று எஞ்சினைச் சூடேற்றாமல் அடைகாக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓடினால் கெட்டுப்போகும் ஸ்போர்ட்ஸ் கார். நீந்தினால் கரைந்துபோகும் மீன் என்று ஒன்று இருந்தால் அதற்கும் சங்கம் வைப்பார்கள்.

அப்புறம் தேதி. இந்த உலகத்தில் தேதி இல்லாத உறுப்பே கிடையாது. எஞ்சின் பிளாக்கில் வார்ப்புத் தேதி புடைத்திருக்கும். மாதத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து, பிறகு நாள், கடைசியில் வருடத்தின் ஒற்றை இலக்கம். ஆல்டர்னேட்டரில் தேதி. கண்ணாடியில் தேதிக் குறி. ஸ்பார்க் பிளக்குக்குப் போகிற ஒயரின் ரப்பர் உறையில் எந்த வருடத்து எந்தக் காலாண்டு என்று அச்சடித்திருக்கும். எல்லா உறுப்பும் கார் பிறந்த நாளுக்கு முன்னால் பிறந்திருக்க வேண்டும். ரொம்பவும் முன்னால் போய்விடக் கூடாது. ஆறு மாதம் வரை பொறுத்துக்கொள்வார்கள். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிறவர்கள்கூட பத்துப் பொருத்தத்தோடு விட்டுவிடுவார்கள்.

ஆனால் ஐம்பது வருடத்துப் பிளக் ஒயர் எங்கே கிடைக்கும்? கிடைக்காது. ரப்பர் நொறுங்கிப் போயிருக்கும். அதனால் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆர்டர் கொடுக்கும்போது, "எந்தத் தேதி போடட்டும்?" என்று கேட்பார்கள். 1967, முதல் காலாண்டு என்றால் அதையே அச்சடித்துத் தருவார்கள். போன மாதம் செய்த ஒயர், 1967-ல் பிறந்ததாகச் சான்றோடு வரும். ஸ்பார்க் பிளக்கில் அந்தக் காலத்துப் பச்சை வளையங்கள் உண்டு. அவையும் வரைந்து கிடைக்கும். தார் பூசிய பழைய டெல்கோ பேட்டரி மாதிரியே தெரிகிற புதுப் பேட்டரியும் உண்டு. ஹோஸைப் பிடிக்கிற க்ளாம்ப், அதில் குத்திய எழுத்து, பெட்ரோல் டாங்கின் முதுகில் ஒட்டுகிற ஆலைத் தாள் வரைக்கும் எதற்கும் பஞ்சமில்லை. நம் ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இதற்கு ஒரே பெயர்தான்: டூப்ளிகேட். இங்கே அதே சமாச்சாரத்தால் மூடி மெழுகிய காருக்கு ஒரிஜினல் என்று பட்டயம் கொடுக்கிறார்கள்.

நிஜமாகவே அந்தக் காலத்தில் செய்து, பிரிக்காத டப்பாவில் தூங்கிய உதிரிப்பாகமும் அபூர்வமாகக் கிடைக்கும். அதற்கு 'நியூ ஓல்ட் ஸ்டாக்' என்று பெயர். பழைய புதுச் சரக்கு. அதன் விலையைக் கேட்டால் மருத்துவருக்கே பல் வலிக்கும்.

பரீட்சையில் செயல்பாடு என்று ஒரு பகுதி இருக்கிறது. ஹாரன் அடிக்கவேண்டும், வைப்பர் ஓடவேண்டும், மூடிக் கிடக்கும் ஹெட்லைட்டுகள் சொன்ன சொல் கேட்டுத் திரும்பவேண்டும், சிகரெட் லைட்டர் சிவக்கவேண்டும். பாதிக் கார்களில் மானத்தை வாங்குவது கடிகாரம். அந்த மின்கடிகாரங்கள் புதிதாக இருந்தபோதே அடிக்கடி படுத்துவிடும் என்று பெயர் எடுத்தவை. படுத்துவிடுவதுதானே ஒரிஜினல் என்று வாதாட இடமில்லை. பெயின்ட் ஒழுகலாம், கடிகாரம் நிற்கக்கூடாது. எந்தக் குறை புனிதம், எந்தக் குறை குற்றம் என்று தீர்மானிக்கிறவர்களுக்குத்தான் சட்டைப் பையில் பேட்ஜ்.

அந்த 97 சதவீத விருதுக்கு ஸோரா ஆர்கஸ்-டண்டாவ் பெயரை வைத்திருக்கிறார்கள். கார்வெட்டின் தந்தை என்று கொண்டாடப்படும் எஞ்சினியர். 1953-ல் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்தார். லெ மான்ஸ் பந்தயத்தில் தாமே வண்டி ஓட்டியவர். ஒரு காரைப் பார்த்தால் அதை இருக்கிறபடி விட்டுவைக்க முடியாத ஆள். கேம்ஷாஃப்டை மாற்று, பிரேக்கை மாற்று, சஸ்பென்ஷனை மாற்று என்று ஆயுள் முழுக்கக் கம்பெனியோடு மல்லுக்கு நின்றார். போல்ட் ஒன்றைக்கூட மாற்றாதவனுக்குக் கொடுக்கிற விருதுக்குத் தேடிப்பிடித்து அவர் பெயர். நியாயமாகச் சொல்லவேண்டும்: அந்த விருதுக்குக் காரைச் சாலையில் ஓட்டிக் காட்டும் சோதனையும் உண்டு, அதில் ஒன்றுகூடத் தவறக்கூடாது. பரீட்சைக்குக் காரை ஓட்டிக்கொண்டே வருகிறவருக்குச் சில போனஸ் மார்க்கும் தருகிறார்கள். இருந்தும் மைதானத்துக்கு வெளியே போய்ப் பாருங்கள்; மூடிய ட்ரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். மணிக்கு இருநூறு கிலோமீட்டர் போகப் பிறந்த வண்டி, டீசல் ட்ரக்கின் பின்னால் பெட்டிக்குள் படுத்துக்கொண்டு மாநிலம் விட்டு மாநிலம் போகிறது.

இனி வருவது வேடிக்கை இல்லை. எஞ்சினின் முன்பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு ஒரு தளம். அதில் இரண்டு பஞ்ச் இருக்கும். ஒன்று எஞ்சின் ஆலையில் அடித்தது: எந்த ஆலை, எந்தத் தேதி, எந்த வகை. இன்னொன்று கார் ஆலையில் அடித்தது: இந்தக் காரின் வரிசை எண். இரண்டும் பொருந்தினால் 'நம்பர்ஸ் மேட்சிங்'. விலையில் பெரும்பங்கு அந்த விரலகல இரும்பில் இருக்கிறது.

இந்தக் கார்களை முதலில் வாங்கியவர்கள் யார்? வேகப் பைத்தியம் பிடித்த வாலிபர்கள். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்குக் கொண்டுபோய் முறுக்கினார்கள். எஞ்சின் வெடித்தது. வேறு எஞ்சின் மாட்டி அடுத்த ஞாயிறும் போனார்கள். அதாவது, கார் எதற்காகப் பிறந்ததோ அதைச் செய்தது. அப்படி வாழ்ந்த கார் இன்று 'நம்பர் பொருந்தாத' கார், விலையில் அரையும் குறையும். வாங்கிய அன்றே கொட்டகையில் பூட்டி, ஊருக்குப் பயந்து, பெட்ரோலுக்குப் பயந்து, ஐம்பது வருடம் ஒரு ரவுண்டும் போகாத கார் ஒரிஜினல். வாழாதவனுக்கே சொத்து என்று உயில் எழுதியிருக்கிறார்கள்.

பொருந்தாததைப் பொருத்திவைக்கவும் ஆள் இருக்கிறது. பிளாக்கின் மேற்பரப்பை மெஷினில் சீவினால் பழைய பஞ்ச் போய்விடும். ஆனால் ஆலையில் அந்தத் தளத்தை வெட்டிய கருவி மெல்லிய இணைகோடுகளை விட்டுச் சென்றிருக்கும். அதையும் பார்ப்பார்கள் என்பதால் அந்தக் கோடுகளையே மறுபடி உண்டாக்குகிறார்கள். எழுத்துகள் வரிசை தவறி, ஒன்று ஆழமாக, ஒன்று மேலோட்டமாக விழவேண்டும். ஆலையில் சுத்தியல் அப்படித்தான் விழுந்தது. கள்ளக் கையெழுத்துப் போடுகிறவன் நடுங்கும் கிழவர் மாதிரி நடுங்கிப் போடுவானே, அந்த வித்தை. திருட்டு பைக்கில் சேஸ் நம்பரைத் தட்டி மாற்றுகிறவனை லாக்கப்பில் உட்காரவைப்பார்கள். இங்கே இது மீட்டெடுப்பா மோசடியா என்று பல வருடமாகக் கனவான்கள் காபி குடித்துக்கொண்டே விவாதித்திருக்கிறார்கள். விவாதம் என்ற சொல்லுக்குச் சூட் போட்டவர்கள் மத்தியில் இருக்கிற மரியாதையே தனி.

காசு எவ்வளவு என்று தெரிந்தால்தான் இந்த ஞானத்தின் ஆழம் புரியும். 1967-ல் மடக்குக் கூரை கார்வெட்டின் அடிப்படை விலை 4,240 டாலர் 75 சென்ட். அந்த வருடம் எல்88 என்ற பந்தய எஞ்சினோடு வெறும் 20 கார்கள் செய்தார்கள். அதில் ஹீட்டர் கிடையாது, ரேடியோ கிடையாது. கம்பெனி சொன்ன குதிரைத்திறன் 430. நிஜத்தில் ஐந்நூறுக்கும் மேல். சும்மா வாங்கி ஓட்ட நினைப்பவன் அருகில் வரக்கூடாது என்று குறைத்துச் சொன்ன பொய். அந்த இருபதில் ஒன்று 2014 ஜனவரியில் அரிஸோனாவின் ஸ்காட்ஸ்டேல் ஏலத்தில் 38 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போனது. ஹீட்டர் இல்லாததற்கு இவ்வளவு விலை கொடுக்கலாம் என்றால், குளிர்காலத்தில் ஹீட்டர் இல்லாமல் படுக்கிறவர்களுக்கும் இதே கணக்கில் யாராவது ஏலம் எடுத்தால் தேவலை.

சரி, அந்த ஒழுகலுக்கு வருவோம். அது ஏன் ஒழுகியது?

1967 மாடல் வருடத்தில் அந்த ஆலையிலிருந்து வெளியே வந்த கார்வெட்டுகள் 22,940. வருடத்துக்கு 250 வேலை நாள், இரண்டு ஷிஃப்ட் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு கார். உடம்பு கண்ணாடி இழை. துண்டுதுண்டாக வந்ததை ஒட்டி, இணைப்பைத் தேய்த்துச் சமன் செய்யவேண்டும். கண்ணாடி இழைத் தூள் தோலில் ஏறினால் எப்படி அரிக்கும் என்று தொட்டவருக்குத் தெரியும். லாக்கர் ஆவி தலையைக் கிறுகிறுக்க வைக்கும். செயின்ட் லூயிஸ் வெயில் நம் மெட்ராஸ் வெயிலுக்குச் சித்தப்பா மகன், வியர்வை நிற்காது. அந்த இடத்தில், அந்தத் தூளில், தலைக்கு மேல் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற ஒருவருக்கு அடுத்த கார் வந்துவிட்டது. அதனால் ஒழுகியது. அதனால் 7 கோணியது. அதனால் கறுப்புப் பிசிறு. இதை அலட்சியம் என்று எழுதுகிறவன் ஒரு ஷிஃப்ட் நின்று பார்த்துவிட்டு எழுதட்டும்.

அந்த வேகத்தைப் பற்றித் தொழிலாளிகள் வாய் திறந்தபோது என்ன நடந்தது என்பதும் பதிவில் இருக்கிறது. 1972 மார்ச்சில் ஒஹையோ மாநிலத்து லார்ட்ஸ்டவுனில், இதே செவ்ரோலேயின் வேகா கார் ஆலையில், வேலைநிறுத்தம். மணிக்கு நூறு கார் ஓடும்படி அமைத்த லைன், ஆளையும் குறைத்தார்கள். ஒரு காருக்கு ஒருவருக்குக் கிடைத்தது நிமிடத்துக்கும் குறைவு. பூட்டாத போல்ட்டோடும் கீறிய பெயின்ட்டோடும் கார்கள் வெளியே வந்தன. வேகத்தைக் குறை என்றார்கள் தொழிலாளிகள். நாசவேலை செய்கிறார்கள் என்றது நிர்வாகம். பத்திரிகைகளில் இளைய தலைமுறைக்கு வேலை செய்ய உடம்பு வணங்கவில்லை என்று வியாக்கியானம் வந்தது.

அன்று நாசவேலை. இன்று அதே வகைக் கீறலுக்கும் ஒழுகலுக்கும் நடுவர்களின் கையேட்டில் ஒரு கௌரவப் பெயர் இருக்கிறது: 'டிபிகல் ஃபேக்டரி புரொடக்‌ஷன்'. ஆலையில் வழக்கமாக வருவது என்று அர்த்தம். வழக்கமாக வருவதற்கு யாரோ ஒருவருடைய முதுகு வழக்கமாக ஒடிந்திருக்கும் என்ற தகவலுக்கு அந்தக் கையேட்டில் மார்க் ஒதுக்கவில்லை. போல்ட் தலையின் மேல் சோதனைக்காரர் தொட்டுவைத்த பெயின்ட் பொட்டு எந்த நிறம், எந்தப் பக்கம் என்று எத்தனையோ பேர் எத்தனையோ வருடம் ஆராய்ந்திருக்கிறார்கள். பொட்டு வைத்த கையைப் பற்றிக் கேளுங்கள், வெறித்துப் பார்ப்பார்கள். மச்சத்தை எண்ணிவிட்டு ஆளை மறந்துவிட்ட காதல் இது.

1981 கோடையோடு செயின்ட் லூயிஸில் கார்வெட் நின்றது. உற்பத்தி கென்டக்கியில் பௌலிங் கிரீனுக்குப் போனது. மிச்சமிருந்த ஆலையும் 1987-ல் மூடப்பட்டது. அந்த ஆலையைச் சுற்றியிருந்த வடக்குச் செயின்ட் லூயிஸ் எப்படித் தேய்ந்தது என்று நகரத்தின் ஜனத்தொகைக் கணக்கே சொல்லும்: 1950-ல் எட்டரை லட்சத்துக்கும் மேல், 2020-ல் மூன்று லட்சத்துச் சொச்சம். அந்தத் தெருக்களை ஒரிஜினல் நிலைக்குக் கொண்டுவர ஒரு சங்கம் தொடங்கலாமே என்று பல் மருத்துவரிடம் சொல்லிப் பார்க்கலாம். தேதி போட்ட ஜன்னல் கண்ணாடி கிடைக்காது, மார்க் போய்விடும் என்பார்.

அவர் இப்போது எட்டாவது 7-ல் இருக்கிறார். கை வலிக்கிறது. மல்லாந்து கிடந்து, தலைக்கு மேல் கையைத் தூக்கி எழுதினால் வலிக்கத்தான் செய்யும். வலித்ததில் கை கொஞ்சம் நடுங்கி, எண் லேசாகக் கோணிவிட்டது. போட்டோவைப் பார்க்கிறார். முகம் மலர்கிறது. கிரேயானை வெல்வெட் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு வெளியே ஊர்ந்து வருகிறார். மனைவி முதுகைத் தட்டிவிடுகிறார்.

பரீட்சை நாள். நடுவர் குனிந்து, நீளக் காம்பு வைத்த கண்ணாடியைச் சட்டத்தின் அடியில் நீட்டி, டார்ச் அடித்து, அந்த எண்ணை உற்றுப் பார்க்கிறார். காகிதத்தில் என்னவோ குறிக்கிறார். மருத்துவருக்கு வயிற்றைக் கலக்குகிறது.

"ஏதாவது தப்பா?"

"நம்பர் சரி. இடம் சரி. கலரும் சரிதான்," என்கிறார் நடுவர், நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டே. "ஆனால் எழுதினவர் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. இரண்டு மார்க் கழித்திருக்கிறேன்."